மூடாத வாய்

புகார்ப் பெட்டியில் ஒரே ஒரு காகிதம்தான் கிடந்தது. கீழே பெயர் இல்லை.

'ரம்ப மெஷின் லாசர் மாஸ்க் போடுவதில்லை. கேட்டால் சாக்கு சொல்லுவார். விடாதீர்கள். அவர் இருமுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.'

சூப்பர்வைசர் ரகுபதி இரண்டு தரம் படித்தார். பென்னலூர்ப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனியில், மெஷின்களை வைத்து அனுப்ப மரப்பெட்டி செய்கிற ஷெட்டுக்கு அவர்தான் பொறுப்பு. போட்டுக் கொடுக்கிற ஜாதியை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் எழுதியிருந்தது பொய் இல்லையே!

எண்பத்தஞ்சில்தான் ஷெட்டுக்கு மாஸ்க்கும் ஷீல்டும் ஆளுக்கொன்று வந்து இறங்கின. மூக்கையும் வாயையும் அடைக்கிற ரப்பர் மாஸ்க், மரத்தூளுக்கு. முகத்துக்கு முன்னால் கண்ணாடி போலத் தொங்குகிற ஷீல்டு, தெறிக்கிற சிராய்க்கு.

மற்றவர்கள் ஷீல்டைக் கையில் கிடைத்த துணியால் வறட்டு வறட்டென்று தேய்த்துக் கீறல் விழ வைத்திருந்தார்கள். லாசர் அப்படியில்லை. தண்ணீர் ஊற்றித் தூளைக் கழுவி, சோப்பு நுரை போட்டு, பழைய மல் துணியால் ஒற்றி எடுப்பார். ஒரு நாளைக்கு நாலு தரம். டீக்குப் போகிறாரோ இல்லையோ, ஷீல்டு கழுவக் குழாயடிக்குப் போய்விடுவார்.

மாஸ்க்கோ, வந்த அன்றைக்குச் சுற்றியிருந்த பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் சுவரில் தொங்கியது.

மூச்சுக்கு மூச்சு தூள் தின்கிற மனுஷன், ஷீல்டை மட்டும் ஏன் இப்படிப் பளபளக்க வைக்கிறார்? ரகுபதிக்கு மண்டை குடைந்தது. ஆளைக் கூப்பிட்டார்.

"இன்னா லாசரு, சினிமாவுல சேரப் போறியா? மூஞ்சி பளிச்சுனு தெரியணும்னு ஷீல்ட தொடச்சிக்கினே இருக்க?"

"அதெல்லாம் இல்ல சார்."

"மாஸ்க் போட மாட்டேங்கறன்னு உன் மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. ஏன் போடல?"

"மூச்சு முட்டுது சார்."

"எல்லாருக்கும்தான் முட்டுது. இப்பவே இருமுற. நாளைக்கு நெஞ்செல்லாம் தூள் அடைச்சிக்கினா இன்னா பண்ணுவ?"

"அத்தப் போட்டா பேச முடியல சார்."

"ரம்பம் போடுற சத்தத்துல நீ பேசித்தான் இன்னா? எவனுக்குக் கேக்கப் போவுது?"

லாசர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நீள இருமல்தான் வந்தது.

"நாளைலேர்ந்து மாஸ்க் இல்லாம மெஷின் பக்கம் வராத. அவ்ளோதான்."

மறுநாள் காலை லாசர் மாஸ்க்கும் ஷீல்டுமாக நின்றார். மெஷினுக்கு அந்தப் பக்கம் வழக்கம்போல மாரி. லாசர் பலகையைத் தள்ளுவார், மாரி பிடித்து இழுப்பான். பன்னிரண்டு வருஷ ஜோடி. நாலு கையும் பலகையிலேயே இருக்கும். ஒரு நாளும் அவர்கள் தடுமாறி யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பத்தே நிமிஷம். பலகைக்குள் ஒரு பழைய ஆணி. லாசர் கண்டுகொண்டு, தள்ளுவதை நிறுத்தி, மாஸ்க்குக்குள்ளிருந்து என்னவோ கத்தினார். மாரி விடாமல் இழுத்தான். பலகை கோணிக்கொண்டு எகிறி, அவன் விரலை உரசிக்கொண்டு விழுந்தது. ரகுபதி ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். நல்லவேளை, ரத்தம் இல்லை.

எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள். ஷெட்டே கப்சிப்.

"டேய் மாரி! தூங்குறியா?" என்று பின்னாலிருந்து கத்தினார் ரகுபதி.

மாரி திரும்பவில்லை.

"மாரி!"

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரி மட்டும் லாசரின் மூடிய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரகுபதிக்கு அப்போதுதான் உறைத்தது. எவனுக்கும் எதுவும் கேட்காத இந்தச் சத்தத்தில், ஒருத்தனுக்கு நிஜமாகவே கேட்காது என்று யார் கண்டார்கள்?

லாசர் மாஸ்க்கை இறக்கினார். கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு வருஷமா அவனுக்குச் சுத்தமா கேக்காது சார். இந்த ரம்பம்தான் காதைத் தின்னுடுச்சி. 'இழு', 'வுடு', 'நில்லு'... எல்லாம் என் ஒதட்டப் பாத்துதான் செய்றான். அதுக்குத்தான் ஷீல்ட கழுவிக் கழுவி வெச்சேன். செவிடுன்னு தெரிஞ்சா தொரத்திடுவாங்களே சார். மூணு பொம்பளப் புள்ளைங்க அவனுக்கு."

இந்த மனுஷனையா கிண்டல் செய்தோம் என்று ரகுபதிக்கு வெட்கமாகப் போயிற்று.

மாரிக்கு எதிரே போய் நின்றார். தன் மாஸ்க்கை இறக்கிவிட்டு நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"மாரி, இன்னிலேர்ந்து நீ ஆணி அடிக்கிற பக்கம் வந்துடு. அங்க கை இருந்தா போதும். உன்ன யாரும் தொரத்த மாட்டாங்க. நானாச்சு."

மாரி கையெடுத்துக் கும்பிட்டான்.

லாசருக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

"கடுதாசி போட்டவன் நல்லா இருப்பானா சார்? இவன் வெரலு போயிருக்குமே! எந்தப் படுபாவி அவன்?"

மாரி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தாண்ணா. என் வேலை போனா போவுதுன்னுதான் எழுதிப் போட்டேன். நீ இருமுறது எனக்குக் கேக்காதுதான். தெனமும் பாத்துக்கினுதானே கீறேன்!"