காணாமல் போன டி டிரைவ்

"மாப்ளே, ஓடி வா! உங்க அக்கா கம்ப்யூட்டர் என் கையால செத்துப்போச்சு!"

பெயிண்டர் போனில் போட்ட கூச்சலில், தெருமுனையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினன் கையில் பிடித்த ஸ்குரூடிரைவரோடு ஓடி வந்தான்.

அறைச் சுவர் இன்னும் ஈரமாக மினுங்கியது. வெள்ளை அடிக்க நகர்த்திய மேஜையைப் பழைய இடத்தில் வைத்து, வயர்களைச் சொருகி, பெட்டிக்கு உயிர் இருக்கிறதா என்று சுவிட்சைப் போட்டிருக்கிறார் மனிதர். திரை நடுவே சிவப்பு எழுத்து: டேட்டாபேஸ் சர்வர் தொடங்கவில்லை.

"ஊரார் வீட்டுல எல்லாம் சொட்டு சிந்தாம அடிக்கிறேன். சொந்த வீட்டுல கை வச்சேன், தொலைஞ்சுது! நாளைக்கு உங்க அக்கா கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற இன்ஸ்டிட்யூட்டுக்கு இந்தப் பெட்டியத்தான் கொண்டுபோறா. நிர்வாகத்து ஆளுங்க முன்னாடி வகுப்பு எடுத்துக் காட்டணும். நல்லா வந்தாத்தான் வேலை நிரந்தரம். இப்ப வந்துருவாடா!"

"பதறாதீங்க மாமா. தகவலையெல்லாம் சேத்து வச்சு எடுத்துக் கொடுக்கிற புரோகிராம்தான் இந்த சர்வர். அது எப்படி ஓடணும்னு ஒரு ஃபைல்ல எழுதியிருக்கும். அதைப் பிடிச்சாப் போதும்."

மச்சினன் ஃபோல்டர் ஃபோல்டராகப் புகுந்து வெளியே வந்தான்.

"இல்லையே..."

"அழிஞ்சுருச்சா?"

"இருங்க. சில ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும்." எங்கோ ஒரு டிக் போட்டான். மங்கலாக ஒரு ஃபோல்டர் முளைத்தது. "ஆப்புட்டுச்சு!"

ஃபைல் திறந்தது. அவன் விரல் ஒரு வரியில் நின்றது.

"டேட்டா எல்லாம் டி டிரைவ்ல இருக்குங்குது. இந்தப் பெட்டியில டி டிரைவே இல்ல மாமா!"

பெயிண்டர் பட்டென்று குனிந்து, தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை உதறினார்.

"என்ன தேடுறீங்க?"

"நகர்த்துறப்ப கழண்டு விழுந்துருச்சோன்னு..."

"ஐயோ மாமா! டிரைவ்னா கழண்டு விழுற சாமான் இல்ல, உள்ளே டேட்டா வைக்கிற இடத்துக்குப் பேரு. டேட்டா சி டிரைவ்ல பத்திரமா இருக்கு. இந்த வரிதான் தப்பு. ஆனா ஆட்டினதுக்கெல்லாம் இது மாறாதே..."

"என் கை ராசிக்கு எல்லாம் மாறும். நீ மாத்து!"

மாற்றினான். சேமிக்கப் போனால், 'அனுமதி இல்லை' என்றது.

"நம்ம வீட்டுப் பெட்டி, நமக்கே அனுமதி இல்லையாமா?"

"முழு அதிகாரம் உள்ள அட்மினாத் திறக்கணும் மாமா." மூடித் திறந்து, மறுபடி மாற்றி, சேமித்து, சர்வரைக் கிளப்பினான். சின்ன வட்டம் சுற்றியது. பெயிண்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். சுற்றியது, சுற்றியது...

திரையில் பச்சை விளக்கு!

"ஓடுதுடா!" மச்சினனை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவன் சட்டையெல்லாம் வெள்ளை.

அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான் கெடுத்தேன். நானும் உன் தம்பியும் சேர்ந்து சரியும் பண்ணிட்டோம்!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார் பெயிண்டர்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள்.

"அட மனுஷா! பழுதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னுதான் நாளைக்கு வகுப்பே. காலையில நானே பாத்துப் பாத்துக் கெடுத்து வச்சதை நல்லாக்கிட்டு நிக்கிறீங்க... தள்ளுங்க, திரும்பக் கெடுக்கணும்!"