கம்ப்யூட்டர்காரர் எடுத்த பெட்டி

"சார் எந்த லைன்ல இருக்காரு?" என்று கடைக்காரர் கேட்டதும், கம்ப்யூட்டர்காரர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டு நிமிர்த்தி வைத்தார்.

மகள் முந்திக்கொண்டாள். "அப்பா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் செக்‌ஷன். மூணாவது மாடி."

அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்து, துணியால் ஒரு தட்டுத் தட்டி அவருக்குப் போட்டார்.

துடைத்தது சரியில்லை. மூலையில் அப்படியே தூசி. அதைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

தெருவில் அவருக்குக் கம்ப்யூட்டர்காரர் என்றுதான் பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரே கிளப்பிவிட்ட பெயர். யாரும் மறுத்ததில்லை. மறுக்க வேண்டுமானால் முகத்துக்கு நேராகப் பேசுகிற பழக்கம் வேண்டும். நம் தெருவுக்கு அது ஏது?

சும்மா சொல்லக்கூடாது, பொய்யை மனுஷன் ஒழுங்காகத்தான் பராமரித்தார். காலையில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் போய்க் காக்கிக்கு மாறுவார். வாளியும் துடைப்பமும் அங்கேதான் இருக்கும். சாயங்காலம் மறுபடி சட்டை.

மேனேஜர் அறையைத் துடைக்கிற சாக்கில் பெரிய மனிதத் தோரணைகள் சிலவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எந்தக் காகிதத்தையும் படிக்காமல், சுழித்து ஒரு கையெழுத்துப் போடுவது அதில் ஒன்று. "ஒரு தடவ படிச்சிட்டுப் போடுங்கப்பா" என்று மகள் கெஞ்சினால்கூட, "படிக்கிறது கிளார்க்கு வேலைம்மா" என்பார்.

இப்போது அவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. லேப்டாப் வாங்குகிற காசுக்கு அதைவிட நல்ல டெஸ்க்டாப் வரும், நாலு வருஷம் மக்கர் பண்ணாமல் ஓடினால் போதும் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். அம்மா தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த பணம். இன்னொரு தடவை சேராது.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

ஒன்று கறுப்பு. ஏதோ கம்பெனியில் கழித்துவிட்டதைச் சுத்தம் பண்ணி வைத்தது. விலை பாதி. இன்னொன்று புத்தம் புதிசு. பக்கத்தில் கண்ணாடி, உள்ளே கல்யாண வீடு மாதிரி கலர் விளக்கு.

கடைக்காரர் ராம் என்றார், கோர் என்றார், கிராபிக்ஸ் என்றார். கம்ப்யூட்டர்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தஞ்சாவூர் பொம்மை தோற்றது.

அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்ததும் ஒன்று இருந்தது.

மூன்றாவது மாடியில் இருபது கறுப்புப் பெட்டிகள், இதே ஜாதி. ஏழு வருஷமாக ஒன்றுகூட இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. தூக்கித் துடைத்தால் அடியில் மேசையின் பழைய நிறம் சதுரமாகத் தெரியும்.

போன வருஷம் இந்த விளக்குப் பெட்டிகள் பத்து வந்தன. அடிவழியாகத் தூசியை இழுத்து, மூன்றே மாதத்தில் வயிற்றுக்குள் பஞ்சு சேர்த்துக்கொள்ளும். பிறகு உறுமும். உறுமிய பதினைந்தாம் நாள் மூச்சு நின்றுவிடும். ஆறு பெட்டிகளை ரிப்பேருக்குத் தோளில் சுமந்து இறக்கியவர் இவர்தான். சாமான் தூக்கினால் லிஃப்டில் விடமாட்டார்கள்.

மகளின் கை கறுப்புப் பெட்டிமேல் இருந்தது.

"நீங்க சொல்லுங்கப்பா. எது தாங்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

வாயைத் திறந்தார். சொன்னால், 'எப்படி சார் தெரியும்?' என்று கடைக்காரர் கேட்பார். அடியில் துடைத்ததையும் தோளில் சுமந்ததையும் சொல்ல வேண்டிவரும். அதுவும் அவள் முன்னால். செக்‌ஷனில் இருக்கிறவர் மகளுக்குப் பழசு வாங்குவாரா என்ற கேள்வி வேறு.

"புதுசே எடுத்துக்கலாம்" என்றார். குரல் மேனேஜர் குரல்தான். நடுவில் லேசாகக் கீறியது.

அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு கறுப்புப் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"காலேஜ் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுக் குடுக்கறோம். அட்மிஷன் பேப்பர் இருக்காம்மா?"

அவள் பையைத் துழாவினாள். விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினாள். கடைக்காரர் தயங்கவில்லை, வாங்கிக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பில் புத்தகத்தில் அவள் பேரை எழுத ஆரம்பித்தார்.

காகிதம் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தபடி கிடந்தது.

மகளின் குண்டுக் கையெழுத்து. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி. தந்தையின் தொழில் என்ற இடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்: துப்புரவுப் பணி, மூன்றாவது மாடி.

அதற்குக் கீழே, மேலே எழுதியவை அனைத்தும் உண்மை என்ற வரி.

அதற்கும் கீழே, சுழித்துப் போட்ட அவருடைய கையெழுத்து.

மகள் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பில்லுல இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கடைக்காரர் பேனாவை நீட்டினார்.

'சார்' என்றும் சேர்த்துக்கொண்டார்.