சீட்டை இன்னும் கொஞ்சம் இறக்குங்க

"இதுவும் சரிப்பட்டு வராது. சீட்டு உசரமா இருக்குது."

மெஹரூன்னிசா குறை சொன்னது இது மூணாவது சைக்கிளுக்கு. முதல் சைக்கிள்ல ஹேண்டில் பார் தாழ்வா இருக்குதாம், குனிஞ்சு ஓட்டினா முதுகு வலிக்குமாம். ரெண்டாவதுல குறுக்குக் கம்பி இருக்குதாம், காலைத் தூக்கிப் போட முடியாதாம்.

மரக்காணம் பஜார்ல சைக்கிள் கடை வெச்சிருக்கிற மோகனுக்கு எரிச்சலா வந்தது. சைக்கிள் வாங்க வந்திருக்கிறது அந்தம்மாவோட வீட்டுக்காரர் லியாகத் அலி. பாதி ஆயுசை துபாய்ல கழிச்சிட்டு இப்பத்தான் ஒரேயடியா ஊருக்கு வந்திருக்காரு. "நமக்கு ஏத்த மாதிரி சொகுசா ஒண்ணு குடுப்பா"ன்னு கேட்டதோட சரி. அப்புறம் மனுசன் வாயே திறக்கல. பேசினது எல்லாம் பொண்டாட்டிதான்.

மோகன் உள்ளே போய் கடைசியா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தான்.

"பாய், இது க்ரூஸர். பெரியவங்க நிம்மதியா ஓட்டுறதுக்குன்னே வர்றது. சீட்டு சோபா மாதிரி. முதுகை நிமித்தி உக்காந்து, கடல் காத்து வாங்கிக்கிட்டே போலாம்."

மெஹரூன்னிசா சீட்டை அமுக்கிப் பாத்தாங்க. பெல்லை ஒரு தடவை அடிச்சாங்க. அடிச்ச கையை சட்டுன்னு புர்காவுக்குள்ள இழுத்துக்கிட்டாங்க.

"சீட்டை இறக்குங்க."

மோகன் இறக்கினான்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க. இவருக்கு முட்டி வலி. நின்னா ரெண்டு காலும் தரையில ஊனணும்."

"சரிம்மா."

"பின் வீலுக்கு வலை போடுங்க. செயினையும் முழுசா மூடிடுங்க. கைலி மாட்டிக்கும்."

பேரம் பேசுறவங்க பொருளைக் குறை சொல்றது பஜார்ல சகஜம். ஆனா இந்தம்மா விலையைப் பத்தி மூச்சே விடல. அதுதான் மோகனுக்குப் புரியல.

அவன் பொண்டாட்டி ரேணுகா அப்பத்தான் டிபன் கேரியரோட வந்து நின்னா. வீடு ஊருக்கு அந்தக் கோடியில. தினமும் மத்தியானம் வெயில்ல நடந்து வந்து சோறு குடுத்துட்டு, நடந்தே திரும்பிப் போவா. கேரியரை இறக்கிக் கூட வைக்காம அந்த க்ரூஸரையே பாத்துக்கிட்டு நின்னா.

லியாகத் அலி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனாரு. மெஹரூன்னிசா பின்னாடி போனாங்க. அவங்க தலை மறைஞ்சதும் மோகன் பொரிஞ்சு தள்ளிட்டான்.

"பாவம்டி பாய். இத்தனை வருஷம் அந்த வெயில்ல கிடந்து சம்பாதிச்ச மனுசன், ஆசையா ஒரு சைக்கிள் வாங்க வர்றாரு. அதுலயும் இது நொட்டை, அது நொள்ளைன்னு உசுரை வாங்குது அந்தம்மா!"

"குறைதானே சொன்னாங்க. வேணாம்னு சொல்லலையே?"ன்னா ரேணுகா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

மறுநாள் விடியக்காலம் மோகன் மீன் வாங்கறதுக்காக பைக்ல கிளம்பினான். உப்பளத்து நடுவுல போற மண் ரோட்டுல லியாகத் அலி தனியா வரப்பு மேல உக்காந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கிட்டிருந்தாரு.

"இன்னா பாய், சைக்கிள் எங்க?"

அவர் கையைக் காட்டினாரு.

தூரத்துல, கீத்து போட்டு மூடின உப்புக் குவியலுங்க பக்கமா அந்த க்ரூஸர் ஆடி ஆடி வந்துக்கிட்டிருந்தது. மேல மெஹரூன்னிசா. புர்கா பின் வீல் வலை மேல படிஞ்சு கிடக்குது. எதிர்ல ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் விடாம பெல் அடிக்கிறாங்க.

மோகன் வண்டியை ஆஃப் பண்ணிட்டான்.

"அவளுக்குத்தான்பா வாங்கினேன்"னாரு லியாகத் அலி. "சின்னப் புள்ளையில அண்ணன் சைக்கிளைத் தொட்டதுக்கு அடி வாங்கினவ. லீவுல வர்றப்பல்லாம் உனக்கு இன்னா வேணும்னு கேப்பேன். சென்ட்டு, பெட்ஷீட்டுன்னு எதையாவது சொல்லுவா. போன வாரம், கரண்ட் போன நேரமாப் பாத்து, மூஞ்சி தெரியாதுன்னு தைரியமா சொல்றா, சைக்கிள் ஓட்டணுமாம்! சொல்லிட்டு அழுவுறா. ஊரு சிரிக்கும்னு வேற பயம். எனக்குன்னு சொல்லி வாங்கறேன், நீ வந்து உனக்குத் தோதாப் பாத்துக்கோன்னேன்."

மோகன் வண்டியை அப்படியே வீட்டுப் பக்கம் திருப்பினான். மீன் வாங்க மறந்தே போயிட்டான்.

மத்தியானம் ரேணுகா வேர்த்து விறுவிறுத்து வந்ததும் வராததுமா, அவளை நிக்க வெச்சே எல்லாத்தையும் சொன்னான். சொல்றப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"கட்டினவ மனசுல இன்னா ஆசை இருக்குதுன்னு தெரியாமலே ஒரு மனுசன் பாதி ஆயுசை ஓட்டிட்டான் பாரு! அந்தம்மாவாவது வாய்விட்டு ஒரு தடவை கேட்டிருக்கலாம் இல்ல?"

ரேணுகா கேரியரைப் பிரிச்சு சோத்தை எடுத்து வெச்சா. முந்தானையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டா. கடையில வரிசையா நின்ன சைக்கிளுங்களை ஒரு தடவை பாத்தா.

"நான் வாய்விட்டுத்தாங்க கேட்டேன். ஊரு ஒண்ணும் சிரிக்கல. நீங்கதான் சிரிச்சீங்க."