ஏழு மணிப் புத்தகம்

தமிழ் வகுப்பிலிருந்து வந்த ஹம்ஸா, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அலமாரிக்கு ஓடி அப்பாவின் புத்தகத்தை எடுத்தாள்.

அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல், லேசில் முடியாது.

மண்டி மொஹல்லாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜகதீசன், ஐந்து மாதமாக மாலை ஏழு மணிக்குப் போனை அணைத்துவிட்டு இந்தத் தடிப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். பழைய பேப்பர் கடையில் வாங்கியது. அட்டை கிழிந்து வந்ததால் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார்.

படிக்கும்போது திடீரென்று சிரிப்பார். ஒருநாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

என்ன கதை என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். நீயே படித்துத் தெரிந்துகொள் என்பார்.

பள்ளியில் கன்னடம் படிக்கும் ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தமிழ் பேச்சோடு சரி. போனும் கார்ட்டூனுமாகக் கிடந்தவள், அந்தக் கதை தெரியாமல் தலை வெடித்துவிடும் போல இருக்கவே, தானாகக் கேட்டு ஞாயிறு வகுப்பில் சேர்ந்தாள். இன்றுதான் எழுத்தெல்லாம் முடிந்தது.

முதல் பக்கத்தை விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல் நோய்.

சரி, கதை கோழியில் தொடங்குகிறது போலும்.

புரட்டினாள். தீவன அளவு. மேலும் புரட்டினாள். குடற்புழு மருந்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு ராஜா இல்லை, ஒரு திருடன்கூட இல்லை.

இதற்கா சிரித்தார்? இதற்கா அழுதார்? நான்கு மாத ஞாயிறும் போயிற்றே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பா, அவள் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் நின்றார். அகப்பட்டுக்கொண்டவர் முழிக்கத்தானே வேண்டும்? அவரோ முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

அப்போதுதான் ஹம்ஸாவுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. அப்பா எழுதும் கடை பில் கன்னடம். மளிகைச் சீட்டும் கன்னடம். தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால் கண்ணாடியைக் காணோம் என்பார், அழைத்தவருக்கே போன் போட்டு நாள் கேட்பார்.

அப்படியானால் அந்தச் சிரிப்பும் அழுகையும் அவளைப் படிக்க வைக்கத்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. அப்பாவை இவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

மருந்து அட்டவணையின் மேல் விரலை வைத்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு சேவல் இருந்துச்சு. அதுக்குக் கூவவே வராது."

விரல் மெல்ல நகர்ந்தது. அப்பாவின் கண்ணும் கூடவே நகர்ந்தது. விற்கக் கொண்டுபோன சேவல் சந்தையில் தப்பித்து, ஹனூர் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறியது. கண்டக்டர் வந்தார். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் ஹம்ஸா நிறுத்தினாள்.

சாப்பிட வரச் சொல்லி அம்மா இரண்டு முறை கூப்பிட்டாயிற்று.

அப்பா கையை நீட்டித் தானே பக்கத்தைத் திருப்பினார்.

"ஆமேலே? அப்புறம் என்னாச்சும்மா?"