பதிமூன்றாவது சேலை

பன்னிரண்டாவது சேலை அவர் மேல் இருந்தது.

கொசுவம் பெல்ட்டுக்குள். முந்தானை இடது தோளில். சட்டைப் பையில் பேனா.

"அப்படியே திரும்புங்க," என்றார் காங்கேயத்திலிருந்து ஜவுளி எடுக்க வந்திருந்த அம்மாள்.

திரும்பினார். பட்டுப் பிரிவின் ஆளுயரக் கண்ணாடியில் மீசையும் ஜரிகையும் சேர்ந்து திரும்பின.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடமாக யாரும் சிரித்ததில்லை. சேலை விற்கிறவர் மேலே போட்டுக் காட்டாமல் பின்னே யார் காட்டுவார்?

கல்யாணப் பெண்ணுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு செல்போனை நீட்டினாள்.

"இது மாதிரி வேணுமுங்க. இந்தப் பொண்ணு கட்டியிருக்கறாளே, இது."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

எலுமிச்சை மஞ்சள். அரக்குக் கரை. ஒட்ட வெட்டிய முடி. ஒற்றைக்கல் மூக்குத்தி. நிமிர்ந்த தாடை.

மிதுன்.

அவருடைய மகன்.

சென்னையில் மாடலிங் செய்கிறான் என்று தெரியும். கோட்டு சூட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தார். ஆடி மாதம் முதல் படம் வந்தது. சேலையில். கடையிலிருந்தே போன் போட்டார்.

"ஆம்பள எவனாச்சும் சேலையச் சுத்திக்கிட்டு நிப்பானாடா? இனி என்ற வாசப்படி ஏறாத."

அன்றைக்கு அவர் தோளில் கிடந்தது கத்தரிப்பூ நிறம்.

இன்று ஏதோ விளம்பர வேலையாக மிதுன் கோயமுத்தூருக்கே வந்திருக்கிறான். காந்திபுரத்தில் லாட்ஜ். சாயங்காலம் ரயில். "மத்தியானம் ஒரு வாய் சாப்பிட வரச் சொல்லட்டுங்களா?" என்று காலையில் மனைவி கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது மணி பன்னிரண்டே கால்.

"கழுத்தப் பாரேன், என்ன எடுப்பா இருக்குது!" என்றார் காங்கேயத்து அம்மாள்.

"நெறத்தப் பாருங்க பெரியம்மா."

"முடியத்தான் இப்படிக் கொதறி வெச்சிருக்கறா. பூவ எங்க வெப்பா?"

அவருக்கும் அது தோன்றியதுதான்.

உடன் வேலை பார்க்கும் ரங்கராஜ் மேல் தட்டிலிருந்து அதே எலுமிச்சை மஞ்சளை இறக்கிப் போட்டான். பதிமூன்றாவது சேலை. விசிறி, மடித்து, செருகி, தோளில் ஏற்றினார்.

பெண் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"துணி அதேதானுங்க. அந்தக் களை வரலையே." கொஞ்சம் தயங்கினாள். "அவ நிக்கற மாதிரி நில்லுங்களேன்."

வாடிக்கையாளர் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை.

ஒரு காலை முன்னே வைத்தார். இடது தோளைச் சற்றே தாழ்த்தினார். தாடையை உயர்த்தினார். கண்ணாடியைப் பார்த்தார்.

மீசையைக் கழித்துவிட்டால் வேறு வித்தியாசம் இல்லை.

அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் பரவாயில்லை. பெரியம்மா செல்போனைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி செல்போனை.

"ஏனுங், அப்படியே உங்க மொகமுங்க! உங்க பொண்ணுங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சின்னச் சொல். நாக்கின் நுனிவரை வந்தும் விட்டது. ரங்கராஜ் வேறு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நாளைக்கு மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும்.

கண்ணாடிக்குள் இருந்தவர் தாடையை இறக்கவில்லை.

"பொண்ணு இல்லீங்க," என்றார். "என்ற பையன்."

ரங்கராஜ் மடித்துக்கொண்டிருந்த சேலை பாதி மடிப்பில் நின்றது.

பெண் படத்தை விரலால் பெரிதாக்கினாள். பெரிதாக்கியதைப் பெரியம்மா பிடுங்கிக்கொண்டார்.

பார்த்தார்.

இன்னும் பார்த்தார்.

"நாப்பது வருசமாக் கட்டறேன். எனக்கு ஒரு நாளும் இப்படிக் கொசுவம் நின்னதில்ல."

பெரியம்மா மெத்தை விரிப்பின்மேல் நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"நட்சத்திரம் என்னங்க?"

"சுவாதி." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பெரியம்மா!" என்று பல்லைக் கடித்தாள் கல்யாணப் பெண்.

"நீ சும்மாயிரு. நம்ம சின்னவளுக்குச் சேலை கட்டத் தெரியாது. ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் தெரியட்டும்."

ரங்கராஜுக்குப் புரையேறியது.

"இதையே எடுத்துக்கறனுங்க," என்றாள் பெண், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவர் மாடிப்படிப் பக்கம் போனார். பில் போடச் சேலை வேண்டும் என்று பின்னாலிருந்து ரங்கராஜ் கத்தினான். காதில் விழவில்லை. மஞ்சள் பட்டு அவரோடு படிவரை போனது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"மத்தியானத்துக்கு என்ன?"

"பாவக்காக் கொழம்பு." மனைவியின் குரல் ஜாக்கிரதையாக வந்தது. "ஏனுங்க?"

கொசுவம் சரிந்தது. ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அத அவன் தொட மாட்டானே."