கனவில் வந்த கடல்

எந்த நாட்டைக் கனவில் காண்கிறார்களோ அந்த நாட்டுக்குத்தான் இளம் வீரர்கள் ஆடலாம் என்ற விதி வந்தபோது ஆரபிக்குப் பதினேழு வயது. ஆக்லாந்தில் பிறந்து, அங்கேயே ரக்பி பழகி, நியூசிலாந்து இளையோர் அணியின் வாசல் வரை வந்திருந்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவளுடைய அம்மா சிவகௌரி, மகளின் கனவில் ஊர் வந்துவிடக் கூடாதென்று அன்றோடு அதைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டார். ஊர்ப் படங்களைச் சுவரிலிருந்து கழற்றினார். மகள் கேட்டால்கூட, "எனக்கு எல்லாம் மறந்துபோச்சு பிள்ளை" என்றார்.

ஆரபி ஒரு வாரம் தலையில் கனவைப் பதிவுசெய்யும் மெல்லிய பட்டியோடு தூங்கினாள். முடிவைச் சொல்ல வந்த அதிகாரி அவள் கனவைச் சமையலறைச் சுவரில் ஓடவிட்டார். அங்கே அலையே இல்லாத ஒரு கடல் விரிந்தது. முழங்காலளவு தண்ணீரில் ஆரபி பந்தை அணைத்தபடி ஓடிக்கொண்டே இருந்தாள். தூரத்தில் பனைகள் வெயிலில் மிதந்தன.

"இது யாழ்ப்பாணக் கடல். இவர் இலங்கைக்குத்தான் ஆடலாம்" என்று சொல்லிவிட்டு, படத்தை நிறுத்தாமலே அவர் கிளம்பினார்.

சிவகௌரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கடலைப் பற்றி நான் ஒருநாளும் சொல்லேல்லையே பிள்ளை. அந்தக் கடல் உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் நித்திரையில கதைக்கிறனீங்கள் அம்மா. சின்னனில இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறன். எனக்குக் கோபமில்லை. ஆனா தனியப் போகப் பயமாக் கிடக்கு."

முப்பது ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் போகாத சிவகௌரி, சுவரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த கடலை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த இடத்தில தண்ணி ஆழமில்லை" என்றார். "நானும் வாறன்."