அதே சிவப்பு

பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் விதைக்கடை மேஜையில் வைத்தார் அச்சகக்காரர்.

ஜினியா. ஒரு பூ வெளுத்த ரோஸ். ஒன்று அழுக்கு மஞ்சள். மூன்றாவது என்ன நிறமென்று அதற்கே தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரே ஒரு பாக்கெட் வாங்கினார். ரத்தச் சிவப்பு. இது ஹைப்ரிட், அந்தக் காலத்துப் பூ மாதிரி இல்லை, விதை எடுத்துப் போட்டால் கண்டபடி வரும், வருஷா வருஷம் புதுசு வாங்கணும் என்று அப்போதே சொன்னேன். யாவாரப் பேச்சு என்று சிரித்தார்.

விதை எடுத்தார். கவரில் போட்டு, வருஷம் எழுதி, மனைவியிடம் கொடுத்தார். அந்த அக்காதான் விதைப்பார்.

மறுபடியும் அதே சிவப்பு.

வருஷம் தவறாமல் ஒரு பூவைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டுவார். உன் கம்பெனிக்காரன் ஊர் காதிலேயே பூ சுற்றுகிறான், நீ நார் எடுத்துக் கொடுக்கிறாய் என்பார்.

எட்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது லேசான காரியமில்லை.

அக்கா போய் ஐந்து மாதம். கல்லறையைச் சுற்றி அந்தச் சிவப்புதான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். முதல் தடவையாகத் தானே விதைத்தார்.

"விதை அதேதான் தம்பி. கைதான் மாறிப்போச்சு. அவளுக்கு வந்தது எனக்கு ஏன் வரமாட்டேங்குது?"

வெறும் கல்லைக்கூட விதை என்று விற்றுவிடுகிற வாய் எனக்கு. மண் களைத்திருக்கும் என்றேன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். காய்ந்த பூக்களில் விதை எடுத்து, வருஷமும் எழுதியாகிவிட்டது. அடுத்த தடவை சரியாகிவிடும்தானே என்று கேட்டார்.

ஆகிவிடும் என்றேன்.

தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனார்.

அந்த எட்டு வருஷமும் விதைக்கிற வாரம் வந்தால், அவர் அச்சகத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து அக்கா வருவார். கவரில் இருப்பதை என் குப்பைக்கூடையில் கொட்டுவார். புது பாக்கெட்டைப் பிரித்து அதே கவரில் நிரப்பிக்கொள்வார்.

"அந்த மனுஷன் ஜெயிச்சது இது ஒண்ணுலதான். இருந்துட்டுப் போகட்டும்."

கடைசியாக வந்தபோது, அந்த ரகத்தையே கம்பெனி நிறுத்திவிட்டது, இப்போதெல்லாம் சாண் உயரக் குட்டைச் செடிதான் ஓடுகிறது, கடையில் இருப்பது இந்த ஒரு பாக்கெட்தான் என்று சொன்னேன்.

அடுத்த வருஷம் என்ன செய்வது என்று கேட்டார்.

அதற்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறதே அக்கா என்றேன்.